குழியம்மனும் ஐந்து ஈயக் குண்டுகளும்

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்காரிகளே, நாம் எல்லாரும் கூடப்போகிற நாளுக்கு மலர் போடுகிறோம், பள்ளிக்கூட நினைவாக ரெண்டு பக்கம் எழுதித் தா, ஜாலியாக இருக்கட்டும் என்று நம் செயலாளர் அம்மாள் கேட்டாள். ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். வாசலில் விற்ற இலந்தவடை, கணக்கு டீச்சரின் கிழிந்த குடை, மணியடிக்கிற அம்மாவின் வெற்றிலைப் பை என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். நான்கு தடவை கிழித்தாயிற்று. மாடிக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து முட்டி வீங்கியதுதான் மிச்சம். "ஒரு எடத்துல உக்காந்து எழுதேம்மா" என்கிறாள் மகள். உட்கார முடிந்தால் எப்போதோ எழுதியிருக்க மாட்டேனா?

எங்கள் பழைய வீடு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில், வேகவதி ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நெசவாளர் தெருவில் கடைசி வீடு. இன்றைக்கு அதை ஆறு என்று சொன்னால் பேரப் பிள்ளைகள் சிரிக்கும். அன்றைக்கு அது ஆறுதான், தண்ணீர் இல்லாத மாதங்களிலும் ஆறுதான். ஏனென்றால் இந்தக் கரை எங்களுடையது, அந்தக் கரை அவர்களுடையது. அந்தக் கரையிலிருந்து ஆட்கள் மணலில் நடந்து எங்கள் கொல்லைப்புறத்துக்கு வருவார்கள், வேலை முடிந்ததும் அதே வழியில் போவார்கள். எங்களில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. யாரும் போகாதே என்று சொன்னதுமில்லை. சொல்லாமலே தெரிந்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி நம் வகுப்பில் இருந்தாள். மூன்றாவது பெஞ்சில், என் பக்கத்தில். அஞ்சாங்கல் ஆடினால் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. நினைவு வருகிறதா? வராவிட்டால் பரவாயில்லை, பாதி வருஷம்தான் படித்தாள். ஏன் பாதி வருஷம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிகிற வரை விடவில்லை. எங்கள் வீட்டில் குழித்தறி. தரையில் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து நெய்கிற தறி. ஆற்றில் வெள்ளம் வந்தால் அடியில் ஊறி ஊறி எங்கள் குழிக்கும் தண்ணீர் வந்துவிடும். அம்மா சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றுவாள், மறுநாள் அதே அளவு நிற்கும். வீடு முழுக்க ஈர மண் வாசனை, கஞ்சிப் பசை புளித்த வாசனை. தறி ஓடாத வீட்டில் ஆண்கள் இருப்புக் கொள்ளாமல் கிடப்பார்கள். அப்பா வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். பெரியப்பா காரணமில்லாமல் யாரையாவது வைவார். எனக்கு இப்போது இருக்கிற இந்த நடக்கிற வியாதி அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

மழை விட்டபோது குழியின் ஒரு பக்கச் சுவர் இடிந்து உள்ளே சரிந்திருந்தது. தை பிறந்ததும் நாலடி தள்ளிப் புதுக் குழி வெட்டுவது என்று முடிவாகி, அந்தக் கரையிலிருந்து குழி வெட்டுகிறவரை வரவழைத்தார்கள். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் தறிக்குழி என்றால் அவர்தான். நூல் பிடிக்காமலே குழியின் நாலு மூலையும் சரியாக நிற்கும். அவர்தான் என் பெஞ்சுக்காரியின் அப்பா.

இதிலே ஒரு வழக்கம். அவர் கொல்லை வழியாக உள்ளே வந்து வெட்டலாம், வெட்டி முடிக்கும்வரை வீட்டுக்குள் நிற்கலாம். அந்த ரெண்டு மூன்று நாள் சாமி படத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். குழியைச் சாணம் பூசி மெழுகி விளக்கேற்றிவிட்டால் அதற்கப்புறம் அவர் வாசல்படி ஏறக்கூடாது. அவர் வெட்டிய குழியில் அவரே கால் வைக்க முடியாது. இதை நான் ஒரு அநியாயமாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி சாதாரணம். என் அப்பா வயசுக்காரரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் நானும் பேசினேன்.

அவர் வெட்டும்போது நான் ஓரமாக உட்கார்ந்து வாயைக் கிண்டுவேன். எங்கள் ஊர்க் கதையை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி சொல்லும், உங்களுக்கே தெரியும். ஆற்காட்டு நவாபுக்கும் சென்னைப்பட்டணத்து வெள்ளைக்காரனுக்கும் மைசூர்க்காரனுக்கும் நடுவில் மாட்டிய எல்லை ஊர். கோயில் மதிலுக்குள் பட்டாளம் படுத்துக் கிடந்த ஊர். எங்கள் வீட்டுக் கதையில் எங்கள் முன்னோர் சாமியைத் தூக்கிக்கொண்டு தப்பித்தார்கள். பெரியப்பா அதைச் சொல்லும்போது அவரே தூக்கிய மாதிரி தோளைத் தடவிக்கொள்வார். அந்தக் கதையை நான் குழிக்காரரிடம் பெருமையாக அளந்தேன்.

அவர் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே சிரித்தார். "நீங்க ஓடிப் பூட்டீங்க பாப்பா. எங்காளுங்கள ஓட வுடல. பீரங்கி இழுக்கப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க. மாடு செத்துச்சின்னா மாட்டு எடத்துல ஆளு. இன்னிக்கி நவாபு இழுன்னுவான், நாளிக்கி வெள்ளக்காரன் இழுன்னுவான். எவன் ஜெயிச்சா இன்னா, கயிறு நம்ம தோள்ல."

"பொய்யி" என்றேன்.

"அய்ய, பொய்யின்னா போ" என்றார். கோபமில்லை.

ரெண்டாம் நாள் மத்தியானம் கடப்பாரை எதிலோ பட்டு ணங்கென்றது. அவர் கையால் மண்ணை விலக்கி, மூச்சைப் பிடித்துத் தூக்கிக் கரையில் வைத்தார். பெரிய தேங்காய் அளவில் கறுப்பாக ஒரு உருண்டை, மண்ணும் துருவும் அப்பிக்கொண்டு. அந்தக் கனம் ஒரு தேங்காய்க்கு இருக்காது, ஒரு அம்மிக்கு இருக்கும். அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பெரியப்பா பார்த்த உடனே மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி வந்திருக்குதுடா நம்ம ஊட்டுக்கு!"

"சாமி இல்லீங்க ஐயா" என்றார் குழிக்காரர். "பீரங்கிக் குண்டு. எங்க ஊட்ல இத்த மாரி ஒண்ணு கீது, கொஞ்சம் சின்னது. ஆத்துல கெடச்சிது. கதவுக்கு முட்டு குடுத்து வெச்சிக்கிறோம்."

பெரியப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "ஒனக்கு இன்னாடா தெரியும் சாமியப் பத்தி? போய் கொல்லையில நில்லு."

அவர் போய்க் கொல்லையில் நின்றார். அம்மா தூக்கிப் பிடித்து ஊற்றிய தண்ணீரைக் கையேந்திக் குடித்தார். வீட்டில் எல்லாரும் உருண்டையைச் சுற்றி நின்று ஐயரைக் கூப்பிடுவதா பூசாரியைக் கூப்பிடுவதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் குழிக்குள் குதித்தேன். பத்து வயசில் குழி இருந்தால் குதிக்கத் தோன்றும். உருண்டை எடுத்த இடத்துக்குப் பக்கத்தில், பக்கச் சுவரில் ஏதோ செம்மண் நிறத்தில் வளைவாகத் தெரிந்தது. விரலால் நோண்டினேன். ஈர மண்ணிலிருந்து ஒரு சின்ன மண்கலயம் முழுசாகக் கழன்று கைக்கு வந்தது. உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பாக ஏழு குண்டுகள், கோலி அளவு, கனமோ கனம், பழைய துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகள் என்று பிறகுதான் தெரிந்தது. பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஏறினேன். சாயங்காலம் குழிக்காரர் போனதும் கலயத்தைக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் உடைத்துப் போட்டேன். குண்டுகளை, ஊடைநூல் சுற்றுகிற தார்க்குழல் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன். அஞ்சாங்கல்லுக்கு ஐந்து, தொலைந்தால் மாற்றுக்கு ரெண்டு. என் புத்தி அவ்வளவுதான் போனது.

மறுநாள் காலையில் உருண்டைக்குப் பால் அபிஷேகம். அடுத்த நாள் துணியை விலக்கிப் பார்த்தால் பால் வழிந்த இடமெல்லாம் சிவப்பாகக் கசிந்திருந்தது. இரும்பில் பாலும் இளநீரும் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைத்தால் துரு இறங்காமல் என்ன செய்யும்? ஆனால் முதலில் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை "குங்குமம் கக்குறாளே ஆத்தா!" என்று அலறினாள். அத்தோடு அது அம்மன் ஆயிற்று. குழியம்மன் என்று பேரும் வந்தது. தெரு முழுக்க எங்கள் வீட்டில். இரும்புச் சட்டி துலக்குகிற என் அம்மாவுக்குத் துரு தெரியாதா? தெரியும். ஆனால் மூன்று மாசம் தறி நின்ற வீட்டில், அம்மன் வந்தாள் என்று யாராவது சொன்னால், துரு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சந்தோஷமாக இருந்ததை அந்த வாரத்தில்தான் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் பெரியப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் கலயம் இருந்த பள்ளம் வழவழவென்று வட்டமாக இருந்தது.

"இங்க ஒரு குடம் இருந்திருக்குது" என்றார்.

அவ்வளவுதான். சாமி இருந்த இடத்தில் குடம் இருந்தால் அது பொற்குடம்தானே? படை வந்தபோது கோயில் நகையைப் புதைத்தார்கள் என்ற கதை எங்கள் தெருவில் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்டது. குழிக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் பள்ளத்தைப் பார்த்தார், உண்மையாகவே குழம்பிப்போனார்.

"நான் வெட்டறப்ப இந்தப் பள்ளம் இல்லீங்க ஐயா."

"அப்ப ராத்திரி எலி எட்த்துக்கினு போச்சா?" பெரியப்பா அறைந்தார். அப்பா தடுக்கவில்லை. அப்பா நல்லவர், அதை எங்கும் சொல்வேன். தடுக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். எல்லாரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் பாவாடையைப் பார்த்தார். முந்தாநாள் சேறு மாற்றாமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக இறங்கிப் போனார்.

தெருவிலிருந்து நாலு பேர் முதன்முதலாக ஆற்றைத் தாண்டிப் போனார்கள். அவர் வீட்டைக் கலைத்துப் போட்டார்கள். பொற்குடம் இல்லை. ஆனால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த அந்தச் சின்ன உருண்டை இருந்தது. "அவனே வாயால சொன்னானே, இத்த மாரி ஒண்ணு கீதுன்னு! தங்கச்சி அம்மனத் திருடி வாசல்ல போட்டு உதைச்சிக்கினு இருந்திருக்கான்!" என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கும் பால் ஊற்றினார்கள். அதுவும் குங்குமம் கக்கியது.

அப்புறம் எந்தத் தெருவிலும் அவரைக் குழி வெட்டக் கூப்பிடவில்லை.

அவள் மட்டும் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஈயக் குண்டுகளைக் கொண்டுபோய் அவளோடு அஞ்சாங்கல் ஆடினேன். வேலூர் மாமா வாங்கி வந்தார் என்றேன். வேப்பமரத்தடியில் நாம் எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோமே, குண்டு உருண்டு ஓடும், நமக்கெல்லாம் கைக்கு நிற்காது, அவள் மட்டும் மேலே ஒன்றைப் போட்டுக் கீழே நாலையும் ஒரே வாரில் அள்ளுவாள். அவள் அப்பாவைக் கெடுத்த பொருள் அவள் உள்ளங்கையிலேயே குதித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் "நாங்க தென்னேரி பக்கம் போறோம், ஏரி வேலைக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஒரு குண்டை எடுத்து அவள் கையில் வைத்து மூடினேன். மறுநாள் அவள் இடம் காலி. மிச்சக் குண்டுகளை வீடு மாறும்போது எங்கோ தொலைத்தேன். தேடித் தேடித் தொலைத்தேன் என்று சொல்லவேண்டும், இன்றைக்கும் டப்பா ஏதாவது திறந்தால் அடியில் கை போகிறது.

நம் போன் குழுவில் மூன்று மாதம் முன்னால் ஒரு புது நம்பர் சேர்ந்ததே, வாழ்த்துக்கெல்லாம் பூ மட்டும் போடுமே, அது அவள்தான். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டவுன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். காபியை வைத்தேன். அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். அந்த ஈயக் குண்டு.

"எங்க அப்பா இத்த பாத்ததுமே சொல்லிட்டாரு, அந்தக் குழியில இருந்ததுன்னு" என்றாள். "அந்தப் பொண்ணுதான் எட்த்திருக்குது, பாவாடையெல்லாம் சேறுன்னாரு."

"அப்புறம் ஏன் வந்து சொல்லல?"

"நானும் அதான் கேட்டேன். இத்த எட்த்துக்கினு போய்க் காட்டினா இன்னா சொல்லுவாங்கன்னு நெனக்கிற? குடத்துல இருந்தது இவன்கிட்டதான் கீதுன்னுவாங்க. வுட்டுடுன்னாரு."

"நீ ஏன் இதப் பத்திரமா வெச்சிருந்த?"

"வேற இன்னா இருந்திச்சி, இந்த ஊர்லேர்ந்து எட்த்துக்கினு போறதுக்கு?"

போன வெள்ளிக்கிழமை அவளைப் பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். இப்போது அது வீடில்லை, கோயில். பெரியப்பா மகன், என் தம்பி முறை, முன் அறைக்கு டைல்ஸ் போட்டு கம்பிக் கதவு வைத்திருக்கிறான். உள்ளே பட்டுப் பாவாடை கட்டி அக்காளும் தங்கையும். கும்பாபிஷேகத்துக்காகச் சுவரில் நீல எழுத்தில் தல வரலாறு எழுதியிருக்கிறான். அதில் ஒரு வரி இப்படி: 'பொற்குடத்தையும் தங்கை அம்மனையும் களவாடிய கூலியாள் கண்பார்வை இழந்து மாண்டான்.'

அவள் அதை நிதானமாகப் படித்தாள். "எங்கப்பா சாவற வரைக்கும் பேப்பர் படிச்சாரு" என்றாள். "கண்ணாடிகூடப் போட்டதில்ல."

அவர் படிக்கத் தெரிந்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தம்பி யாரோ பக்தை என்று நினைத்துத் தட்டை நீட்டினான். அவள் திருநீற்றை எடுக்காமல், "சின்னத ஒரு வாட்டி தூக்கிப் பாக்கலாமா?" என்றாள்.

"வெளி ஆளுங்க தொடக்கூடாதும்மா. ஐதீகம்."

"மொதமொதல்ல தொட்டதே எங்கப்பாதாங்க. ரெண்டையும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். கலயத்தை எடுத்தது நான், குடமும் இல்லை பொன்னும் இல்லை, ஏழு ஈயக் குண்டு, அவர் எதையும் திருடவில்லை என்று. சத்தமாகத்தான் சொன்னேன், தெருவில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தம்பி தட்டைக் கீழே வைத்தான். "பழசையெல்லாம் ஏங்க்கா கிளறுற? ஜனங்க நம்பிட்டாங்க. வோணும்னா அந்த வரிய மட்டும் அழிச்சிடறேன்" என்றான். அவன் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு என்று எனக்கு மூச்சு வந்தது.

"அழிக்காதீங்க" என்றாள் அவள். "அழிச்சா ஒண்ணுமே நடக்காத மாரி ஆயிடும். அது இருக்கட்டும். கீழ எழுதுங்க. இது பொய், அவரு எடுக்கலன்னு எழுதுங்க. பேரோட எழுதுங்க."

தம்பி, "எழுதறவன் நாளிக்கி வரான்க்கா, பேரு இன்னா?" என்று என்னைக் கேட்டான். என்னைத்தான் கேட்டான். நான் வாயைத் திறந்தேன். ரெண்டு நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை கேட்டவள், ஐம்பது வருஷத்துக்கு மேல் அவரை நினைத்துத் தூக்கம் கெட்டவள். எனக்கு அவர் பேர் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை.

அவள் சொன்னாள். நான் அவளிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

செயலாளர் அம்மாளே, மலரில் இது போடத் தகுந்ததா என்று நீயே பார்த்துக்கொள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. பெயிண்ட் காய்ந்திருக்கும். நாம் கூடுகிற அன்றைக்குக் காலையில் எல்லாரும் ஒரு நடை எங்கள் தெருவுக்கு வாருங்கள். சுவரில் கடைசி வரி. வந்து சத்தமாகப் படியுங்கள்.